எல்லாத் தட்டும் ஒன்றாக வர வேண்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று கடைகளின் படங்களையும் பார்த்தேன். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளைக் கண்டியில் ஒரு ஸ்டேக் கடையில் வைக்கலாம் என்று நீ சொன்னபோது வீட்டில் யாருக்கும் அவ்வளவு பிடிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் வைத்து, கோழிக்கறி சமைத்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டால் போதாதா என்று அத்தை கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இரண்டு நாள் யோசித்தபின் நீ சொல்வதுதான் சரி என்று பட்டது. உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், நம் வீடு போன்ற வேறு வீடுகளுக்கும் உதவும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். அப்பா இதையெல்லாம் படிக்க மாட்டார், பயப்படாதே.

அப்பா பதினேழு வயதில், தேயிலைத் தோட்ட முகாமையாளரான துரையின் பங்களாக் குசினிக்குள் சமையல் வேலைக்குப் போனவர். அப்போது வெள்ளைக்காரத் துரை. 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபின் நம் நாட்டுத் துரைமார் வந்தார்கள், 1992இல் கம்பெனிகள் வந்தன. துரைமார் மாறினார்கள், மேசை மாறவில்லை. சனிக்கிழமை இரவு விருந்தாளிகள் வந்தால் பிஸ்டேக், அதாவது மாட்டிறைச்சி ஸ்டேக். விறகு அடுப்பில் கனத்த இரும்புச் சட்டியைப் புகை வரக் காயவைத்து, இறைச்சியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, போட்டபின் கைவைக்காமல் விட வேண்டும் என்று நம் இரண்டு பேருக்கும் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அவருடைய பாஷையில் மூன்றே பதம்: அரைவேக்காடு அண்டர்டன், நடுத்தரம் மீடியம், முழுக்க வெந்தது வெல்டன். பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்துப் பிடித்தால் உள்ளங்கையில் பெருவிரலின் அடிச்சதை மெத்தென்று இருக்கும், அது அண்டர்டன். சுண்டுவிரலோடு சேர்த்தால் விறைத்துக்கொள்ளும், அது வெல்டன். வெப்பமானி எதுவும் அந்தக் குசினியில் இருந்ததில்லை.

அந்த நீளமான மேசையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கடைசித் தட்டு உள்ளே போனபின், வெட்டி ஒதுக்கிய ஓரத் துண்டுகளைப் பாணோடு நின்றுகொண்டே சாப்பிடுவார். அதற்குள் ஆறிப்போயிருக்கும். ஒரு குறையாக அவர் இதைச் சொன்னதே இல்லை. இறைச்சி எப்படி ஆறினால் எப்படி ருசிக்கும் என்று விளக்கும்போது போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பிறந்தநாளில் அப்பா உட்கார வேண்டும், சூடான தட்டு அவர் முன்னால் வர வேண்டும். அதற்கு ஸ்டேக் கடைதான் சரி.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. பக்கத்தில் ஒருவர் வெறும் தட்டோடு இருந்தால் அப்பா கத்தியைத் தொட மாட்டார். வீட்டிலேயே அப்படித்தான், கடைசிப் பேரப்பிள்ளைக்குச் சோறு போட்டபின்தான் கை நனைப்பார். நாம் 26 பேர் போகிறோம். 26 தட்டும் ஒன்றாக வராவிட்டால், அங்கேயும் அவர் ஆறிப்போனதைத்தான் சாப்பிடுவார்.

போன வருடம் மாமா மகனின் பிறந்தநாள் ஞாபகம் இருக்கும். நீ கொழும்பிலிருந்து வரவில்லை, நாங்கள் 18 பேர் போனோம். நல்ல பெயர் உள்ள கடை, பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முதலில் சாப்பிட்டவர்கள் கை கழுவி போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிறந்தநாள்காரனுக்குத் தட்டு வந்தது. மாட்டிறைச்சி சாப்பிடாத அம்மாவுக்கு முட்டை போட்ட ஃப்ரைட் ரைஸ், அதுவும் கேட்டுக் கேட்டு. அம்மா அன்று எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது வேனில், பசிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

போன சனிக்கிழமை கண்டிக்குப் போன இடத்தில் மூன்று கடைகளுக்கும் ஏறி இறங்கினேன். படத்தில் அழகாக இருந்த முதல் கடை மேல் மாடியில் இருக்கிறது. வாவி தெரிகிறது, காற்று நன்றாக வருகிறது. ஆனால் இரண்டு மாடிப் படி, லிஃப்ட் இல்லை. பெரியப்பாவின் முழங்காலுக்கு அது ஆகாது. கழிப்பறைக்கு மறுபடி கீழே இறங்க வேண்டும். அதை விட்டுவிடு.

இரண்டாவது கடையில் சமையல்காரரே வெளியே வந்து பேசினார். நேர்மையான மனிதர். "எங்கள் கிரில்லில் ஒரு தடவைக்கு எட்டுத்தான் போகும், மேடம்" என்றார். எட்டுப் பேர் போனால் அதைவிட நல்ல கடை கிடையாது என்று நினைக்கிறேன். நான் கணக்குப் போட்டேன்: 26 பேரில் பிள்ளைகள் ஐந்து, அவர்களுக்குக் கோழியும் சிப்ஸும். மாட்டுக்கறி தொடாதவர்கள் எட்டுப் பேர். மிச்சம் 13 ஸ்டேக். எட்டு போகும் அடுப்பில் 13 என்றால் இரண்டு தவணை. முதல் எட்டு மேசைக்கு வந்து ஆறும் நேரத்தில் அடுத்த ஐந்து வெந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது கடை பேராதனைப் பக்கம். படத்தில் ஒன்றும் இல்லை என்று நீயே எழுதியிருந்தாய், உண்மைதான், சாதாரணக் கூடம். தரைமட்டத்தில் இருக்கிறது, வாசலிலேயே வேன் நிற்கலாம். கரி அடுப்பு நீளமானது, 14 வரை ஒன்றாகப் போடலாம் என்று காட்டினார்கள். பாட்டுச் சத்தம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்களா என்று கேட்டேன், உடனே போய்க் குறைத்தார்கள். என் மனம் அந்தக் கடையில்தான் நிற்கிறது.

சரி, அந்தக் கடை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே போய் மெனுவைப் பிரித்து ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தால் எந்த அடுப்பாலும் முடியாது. மூன்று நாளைக்கு முன்னாலேயே யாருக்கு என்ன, எந்தப் பதம் என்று எழுதிக் கொடுத்துவிடு. பதத்தையும் இரண்டாகக் குறைத்துக்கொள்: மீடியம், வெல்டன். மீடியம் என்றால் உள்ளே 60 பாகை செல்சியஸ் அளவு, நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும். வெல்டன் 71க்கு மேல். வெல்டன்காரர்களுடையதை முதலில் போட்டு, மீடியத்தைப் பிறகு போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும். எடுத்தபின் ஐந்து நிமிடமாவது ஆறவிட்டால்தான் வெட்டும்போது சாறு தட்டில் ஓடாது. அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் மற்றத் தட்டுகளை அடுக்கிவிடலாம். இதையெல்லாம் நான் சொல்லவும் அந்தத் தலைமைச் சமையல்காரர் சிரித்து, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாருக்குப் பிறந்தநாள் என்று அப்போதுதான் சொன்னேன்.

எந்தத் துண்டு என்பதையும் நீயே முடிவு செய்துவிடு. அப்பாவுக்கு ஃபில்லட். அது மாடு அதிகம் வேலை கொடுக்காத தசை, கொழுப்புக் குறைவு, மெத்தென்று வெட்டுப்படும். பல்செட் போட்டவருக்கு அதுதான் வசதி, அதிலும் மீடியம். வெல்டன் கேட்கும் மாமாமாருக்கு ஃபில்லட் வாங்கினால் காசு வீண், காய்ந்துபோகும். அவர்களுக்குக் கொழுப்பு ஓடிய ரிப்ஐ சொல்லு, நன்றாக வெந்தாலும் ஈரம் இருக்கும். சின்னம்மா மகள் பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்குக் கட்டாயம் வெல்டன். அதை மட்டும் தனியாக அடிக்கோடிட்டு எழுது.

இனி அம்மா. அம்மா மாட்டிறைச்சி சாப்பிடாதது சாமிக்காக மட்டும் இல்லை, உனக்கே தெரியும். நாம் இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பட்டி போட்டுப் பன்னிரண்டு வருடம் மாடு வளர்த்தவர். விடியற்காலையில் பால் கறந்து சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டுத்தான் பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போவார். உன் உயர்தர டியூஷன் காசு அந்தப் பாலில் வந்தது. மற்றவர்கள் சாப்பிடுவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை, அப்பா பங்களாவில் சமைத்ததையும் குறை சொன்னதில்லை. ஆனால் அதே அடுப்புக் கம்பியில், அதே இடுக்கியால் புரட்டிய மீனை அவருக்குக் கொடுக்க முடியாது. தனிச் சட்டி, தனி எண்ணெய், தனி இடுக்கி என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். அறுக்குளா மீன் துண்டு, கூடவே அவித்த உருளைக்கிழங்கும் கீரையும். அத்தைக்கு முழுச் சைவம், காளான் போட்ட பாஸ்டா செய்வார்களாம். எட்டுப் பேரின் தட்டும் "மற்றவை" என்று கடைசியில் வரக் கூடாது, ஸ்டேக்கோடு சேர்ந்து வர வேண்டும் என்று நீயும் ஒரு தடவை சொல்லிவிடு. சோறு ஒரு பெரிய பாத்திரத்தில் நடுவில் இருக்கட்டும். சோறு இல்லாவிட்டால் பெரியப்பா சாப்பிட்டதாகவே நினைக்க மாட்டார்.

கம்பளையிலிருந்து வரும் நானா குடும்பத்தை மறந்துவிடாதே. சம்பளம் பிந்திய மாதங்களில் அவருடைய கடைக் கொப்பியில்தானே நம் அரிசி ஓடியது. ஹலால் என்று மெனுவில் போட்டிருப்பதோடு நிறுத்தாமல், இறைச்சி எங்கிருந்து வருகிறது, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, அதை நானாவிடமே சொல்லிவிடு. முடிவை அவர் எடுக்கட்டும். அவர் பக்கத்து இருக்கைகளில் பியர் வைக்க வேண்டாம் என்று மாமாமாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

காசு விஷயம். பெரியவர்கள் 21 பேர், ஆளுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தால் 126,000. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். அதுவே 35,000 ரூபாயைத் தாண்டும், மற்ற வரி இருந்தால் இன்னும் கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக எழுத்தில் வாங்கு. முற்பணம் எவ்வளவு, இரண்டு பேர் வராமல் போனால் குறைப்பார்களா, கேக் நாம் கொண்டுபோனால் அதற்குக் காசு எடுப்பார்களா, இதையும் அதே தாளில் கேள். நீ, நான், அண்ணன் மூன்று பேரும் பிரித்துக்கொள்வோம். மேசையில் பில் வரக் கூடாது. உன் மச்சான் முன்னால் போய்க் கட்டிவிடுவார்.

விலை போட்ட மெனுவும் மேசையில் இருக்கக் கூடாது, தம்பி. அம்மா அதைப் பேர்க் கணக்கில்தான் படிப்பார், தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது எவ்வளவு சண்டைக்குப் பிறகு அது வந்தது என்று பார்த்தவர். அந்தச் சம்பளக் கணக்கில் 6,000 ரூபாய் என்றால் அவருக்குக் கிட்டத்தட்ட நாலரைப் பேர். கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய நாலரை நாளை ஒரு தட்டில் பார்த்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. என்னென்ன சாப்பாடு என்று மட்டும் தமிழில் ஒரு தாளில் நான் எழுதித் தருகிறேன், ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் வைத்துவிடலாம்.

நீ சொன்ன சனிக்கிழமை இரவு வேண்டாம். பிறந்தநாள் கார்த்திகை பிறந்த மறுநாள் வருகிறது. அதற்குள் பெரிய மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார், அப்புறம் மகர ஜோதி வரை அவரை அந்த மேசைக்குக் கூப்பிட முடியாது. ஆகவே அதற்கு முந்திய ஞாயிறு, மத்தியானம். அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை இல்லை, அத்தையின் சஷ்டி விரதமும் அதற்குள் முடிந்துவிடும். ஞாயிற்றில் தோட்டத்தில் வேலையும் இல்லை. மத்தியானம் என்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் ரோடு. அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போக மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அந்த மாதத்தில் பின்னேரமானால் மழை, மழை விட்டால் மிஸ்ட். இரவு பத்து மணிக்குக் கிழவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் வர எனக்கு மனம் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் ஒரு கிழமை தள்ளிவைக்க முடியுமா என்பதையும் கடையில் கேட்டு வை.

மேசையை ஒரே நீளமாகப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பங்களா மேசை போல ஆகிவிடும், தலைமாட்டில் உட்கார்ந்தால் அப்பா கூச்சப்படுவார். ப வடிவில் போடுவார்கள், அப்பா நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பெரியப்பா. குசினிக் கதவு அவர் கண்ணுக்குத் தெரியும் இருக்கையாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டு வேன் பேசிவிட்டேன், காலை எட்டு மணிக்குக் கோயிலடியிலிருந்து. கேக் இங்கே பேக்கரியில் சொல்லியாயிற்று. உன் வேலை இரண்டு: செவ்வாய்க்கிழமைக்குள் முற்பணம் அனுப்பு, சாப்பாட்டு லிஸ்டை எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டுக் கடைக்குக் கொடு. ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அந்தத் தலைமைச் சமையல்காரர், ஐயா விரும்பினால் சாப்பிட்டபின் அடுப்பைப் பார்க்க உள்ளே வரட்டும் என்றார். சாப்பிட்டபின் மட்டும். அதற்கு முன்னால் அப்பா எழுந்தால் நீ பக்கத்தில் போய் உட்காரவை.

அன்புடன்,
அக்கா