பழைய கைப்பேசிகளின் ஃபார்ம்வேர் பொதுவில் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிட்ட ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் லினேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவிவிட்டு, அழைப்பு போகவில்லை, சிம் தெரியவில்லை, ஒலி வரவில்லை என்று பழுதுபார்க்கும் கடைக்கு வருபவர்கள் புதிய இயங்குதளத்தின் மீதே பழியைப் போடுகிறார்கள். அத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், கோளாறு பெரும்பாலும் அதற்கு அடியில்தான் இருக்கிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வலையமைப்புடன் இணைக்கும் மோடம், வைஃபை, ஒலி ஆகியவற்றின் வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபார்ம்வேர் கைப்பேசியின் நினைவகத்தில் தனிப் பகுதிகளில் இருக்கிறது. பல மாடல்களில் லினேஜ்ஓஎஸ் நிறுவும்போது அப்பகுதிகள் மாறுவதில்லை. எனவேதான் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் ஃபார்ம்வேர் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று அதன் நிறுவல் குறிப்புகள் மாடல்வாரியாகச் சொல்கின்றன. அந்த வரியைப் படிக்காமல் தாண்டிச் செல்பவர்களே அதிகம்.

அழைப்புச் சிக்கலைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோவிடம் 2ஜி, 3ஜி வலையமைப்பே இல்லாததால், 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்டிஇ வசதி இயங்காத கைப்பேசியில் அந்தச் சிம்மைப் போட்டால் இணையம் வரும், வழக்கமான அழைப்பு மட்டும் போகாது. அதே கைப்பேசியில் 2ஜி சேவை உள்ள வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்து, அழைப்பு போனால் மோடம் நலமாக இருக்கிறது, வோல்டிஇ அமைப்பில்தான் குறை என்று அறியலாம். உபுண்டு டச் என்ற மற்றொரு மாற்று இயங்குதளத்தை நிறுவுவோர் இதை முன்பே சரிபார்ப்பது நல்லது. அதில் வோல்டிஇ எல்லா மாடல்களிலும் கிடைப்பதில்லை. இரண்டு சிம்மும் தெரியாமல், கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் காட்டாவிட்டால் ஃபார்ம்வேர் பொருந்தவில்லை அல்லது மோடத்தின் தரவுப் பகுதி சிதைந்துவிட்டது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நிறுவிய பின் கைப்பேசி திறக்காமல் தொடக்கச் சின்னம் சுழன்றுகொண்டே இருந்தால், பழைய இயங்குதளம் குறியாக்கம் செய்து வைத்த தரவுப் பகுதியை, இயங்குதளத்துக்கு வெளியே இயங்கும் ரெக்கவரி என்ற பழுதுநீக்கும் திரையில் முழுமையாக ஃபார்மேட் செய்தாலே பல நேரங்களில் தீர்ந்துவிடும். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் முதல் முறை இயக்குவதற்கு முன்பே அவற்றை நிறுவிவிட வேண்டும்.

வங்கிச் செயலி திறக்க மறுப்பது வேறு வகை. மாற்று இயங்குதளத்தை நிறுவுவதற்காக, கைப்பேசியைத் தொடங்கி வைக்கும் மென்பொருளான பூட்லோடர் திறக்கப்பட்டிருப்பதைக் கூகுளின் சரிபார்ப்பு வழியாக அச்செயலிகள் கண்டுகொள்கின்றன. அதற்காகப் பூட்லோடரை மீண்டும் பூட்டப் போனால், பல மாடல்களில் கைப்பேசி இயங்காமலே போய்விடும். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாத கைப்பேசியை ஏற்றுக்கொள்ளும் வங்கிச் செயலி, மாற்று இயங்குதளத்தில் சென்ற மாதத் திருத்தத்துடன் ஓடும் கைப்பேசியைப் பல நேரங்களில் மறுக்கிறது; இதைப் பாதுகாப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் முதன்மையான தடை, சரியான ஃபார்ம்வேர் கிடைக்காததுதான். பல நிறுவனங்கள் அக்கோப்புகளைப் பொதுவில் வைப்பதில்லை. வைத்திருந்தவையும் ஆதரவுக் காலம் முடிந்தபின் மறைந்துவிடுகின்றன. பிறகு யாரோ பதிவேற்றிய கோப்பை நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகளுடன் விற்கப்பட்ட மாடல்களில் கோப்பு மாறிவிட்டாலும், பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் பாதுகாப்புள்ள கைப்பேசியில் பழைய பதிப்பை ஏற்றிவிட்டாலும், நன்றாக இருந்த கருவி செங்கல்லாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, நிறுவனங்கள் தாங்கள் வெளியிடும் இயங்குதள மேம்படுத்தல்களை, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது 5 ஆண்டுகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. ஆதரவை நிறுத்தும் ஒவ்வொரு மாடலுக்கும் கடைசி ஃபார்ம்வேர் தொகுப்பையும், அது கலப்படமற்றது என்று சரிபார்க்கும் குறியீட்டையும், பூட்லோடரைத் திறக்கும் முறையையும் மாடல் எண்ணுடன் அந்த இணையவாசலில் வைக்க வேண்டும் என்று நிறுவனங்களை அத்துறை கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
ஈரோடு.