படத்தில் ஒரு கிளை குறைகிறது

அன்பு மகளுக்கு,

செமினாருக்காக நீ வரைந்து அனுப்பிய படத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, லேபுக்கு நேரமாச்சு" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நரம்புச் செல் அடுத்ததற்குச் செய்தி சொல்ல வெளியிடும் குளூட்டமேட்டிலிருந்து கால்சியத்துக்கு ஓர் அம்பு, அங்கிருந்து நினைவாற்றலுக்கு இன்னோர் அம்பு என்று நேராக இழுத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் வகுப்பில் வருடக்கணக்காக 'குளூட்டமேட் என்றால் தூண்டல்' என்று ஒரே வரியில் எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போனவன்தான்.

குளூட்டமேட் வெளியிலிருந்து, கேட்கும் செல்லின் சவ்விலுள்ள புரதமான ஏற்பியைத் தொடுகிறது, அவ்வளவுதான். பிறகு உள்ளே நடப்பதெல்லாம் ஏற்பியின் வேலை. ஆம்பா என்ற வகை ஏற்பி உடனே திறந்து சோடியத்தை உள்ளே விடும். என்எம்டிஏ என்ற இன்னொரு வகை அப்படியில்லை. அதன் துளையில் மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்தாலும், துணைக்கு கிளைசின், டி-செரின் என்ற அமினோ அமிலங்களில் ஒன்று வந்தாலும் போதாது. செல்லின் மின்னழுத்தம் முன்பே மாறியிருந்தால்தான் மக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே நுழையும். அனுப்புகிறவர் பேசிய அதே நேரத்தில் கேட்கிறவரும் விழித்திருக்க வேண்டும். 1984-ல் இது தெரியவந்தபோது, சேர்ந்து நடப்பவற்றை ஒரு மூலக்கூறு எப்படிக் கண்டுகொள்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

இப்போது நீ கோட்டைவிட்ட இடம். செல்லுக்குள் கால்சியம், வெளியே இருப்பதில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான். அதனால் கொஞ்சம் நுழைந்தாலும் உள்ளே பெரிய செய்தி. கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் வேகமாக, நிறைய வந்தால் பாஸ்பேட்டை ஒட்டும் காம்-கைனேஸ் 2 என்ற நொதி விழிக்கும். அதன் 12 துணையலகுகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஒட்டிக்கொள்வதால் கால்சியம் வடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வேலை ஓடும். ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸில், அதாவது இரு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில், கூடும், இணைப்பு வலுக்கும். அதே கால்சியம் மெதுவாக, கொஞ்சமாக வந்தாலோ கால்சினியூரின் என்ற நொதி முந்திக்கொள்ளும். அது பாஸ்பேட்டைப் பிடுங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆம்பா ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படும், இணைப்பு தளரும். அயனி ஒன்றுதான், விளைவு நேரெதிர். உன் அம்பு இங்கே இரண்டாகப் பிரிய வேண்டாமா?

அப்புறம், துளையே இல்லாத ஏற்பிகளை நீ ஓரத்தில் சின்னதாகப் போட்டிருக்கிறாய். மொத்தம் 8 வகை, எல்லாமே செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தின் வழியாகப் பேசுபவை. 1, 5 எண் கொண்ட இரண்டும் பாஸ்போலைபேஸ் சி என்ற நொதியை எழுப்பும். அது சவ்விலுள்ள ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டும். ஒரு துண்டு உள்ளே போய்ச் சேமிப்பிலிருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும், மற்றது சவ்விலேயே தங்கி புரத கைனேஸ் சி என்ற இன்னொரு நொதியை முடுக்கும். மீதி ஆறும் பெரும்பாலும் அடக்கி வாசிப்பவை.

அந்த ஆறில் எனக்குப் பிடித்தது 6-ஆம் எண். விழித்திரையில் இருக்கிறது. ஒளியுணர் செல்கள் இருட்டில்தான் குளூட்டமேட்டைக் கொட்டும். வெளிச்சம் பட்டால் குறைத்துவிடும். அடுத்துள்ள ஒருவகை இருமுனைச் செல்களில் இந்த ஏற்பி குளூட்டமேட் வந்ததும் அயனிக் கதவைச் சாத்திவிடுகிறது. வெளிச்சம் வந்து குளூட்டமேட் குறையும்போதுதான் அந்தச் செல் விழிக்கிறது. நான் கரும்பலகையில் எழுதிய வரி கண்ணுக்குள்ளேயே பொய்த்துப்போகிறது, பார்.

வேடிக்கை என்னவென்றால், 1960 வாக்கில் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் கர்டிஸும் அவருடன் இருந்தவர்களும் குளூட்டமேட் வைத்துப் பார்த்த முதுகுத்தண்டு நியூரான்கள் எல்லாமே துள்ளின. இப்படிப் பாகுபாடில்லாமல் எழுப்புவது நரம்புச் செய்தியைக் கடத்தும் பொருளாக இருக்காது என்றே அப்போது நினைத்தார்கள்.

இன்னொன்று, மக்னீசியத்தைச் செல்லின் உட்பக்கமிருந்து அடைப்பதுபோல வரைந்திருக்கிறாய். அது வெளியிலிருந்து வந்து அடைப்பது. அதை மாற்று. கால்சினியூரினுக்கு இடம் போதவில்லை என்றால் மேலே இருக்கும் ரோஜா நிற மூளையை எடுத்துவிடு. அது அங்கே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா