நீலகிரி ஆட்சியருக்கு: 100 கஜத்தை ரோட்டோடு அளக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 18 வயது நிறையாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இது. மலையில் இந்த இரண்டாவது விதி அளவெடுக்கும்போதே தவறிப்போகிறது.

100 கஜம் என்றால் 91.44 மீட்டர். பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியிலிருந்து ஆரமாக அளக்க வேண்டும். கேட்டிலிருந்து ரோட்டோடு டேப் பிடித்தால் கணக்கே மாறிவிடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ரோடு வளைந்து வளைந்து இறங்குகிறது. ரோட்டு வழியே 300 மீட்டர் வரும் பெட்டிக்கடை, வேலியிலிருந்து நேராகப் பார்த்தால் 60 மீட்டர்தான் இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் படிகளில் இறங்கும் பிள்ளைகளுக்கு அது இரண்டு நிமிட நடை. ஆகவே நில அளவை வரைபடத்தில் வேலி நெடுகிலும் 91 மீட்டர் தள்ளி எல்லைக்கோடு போடச் சொல்லுங்கள். மூலைகளில் மட்டும் வட்டம் போட்டால் நீளமான வேலியின் நடுப்பகுதி விடுபட்டுப்போகும்.

வயதைப் பொறுத்தவரை, வாங்குபவர் 18 நிறைந்தவர்தானா என்று பார்ப்பது விற்பவர் பொறுப்பு. சந்தேகம் வந்தால் சான்று கேட்கலாம். "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று சிறுவன் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. அதற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. கடையில் 60-க்கு 30 செ.மீ. அளவில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் விற்கவும் கூடாது. மே மாத சீசனில் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை அதிகாரிகள் கண்டுகொள்ள வேண்டும்.

பாக்கெட்டின் இருபுறமும் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்கின்றன. சில்லறையாக வாங்கும் ஒற்றை சிகரெட்டில் அது ஏது? பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக்கு எட்டுவதும் அந்த ஒன்றுதான். சில்லறை விற்பனையை நிறுத்தாமல் வயது வரம்பு பிடிபடாது.

6-ஆம் பிரிவை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். திரும்பத் திரும்பச் சிறுவர்களுக்கே விற்கும் கடைகளை இந்த ரசீதோடு விட வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கக்கநல்லா சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், வயது வரம்பை 21 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் அப்படித் திருத்தம் வரத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். எல்லைக்கோடு போடும் வேலையை ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே முடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
நீலகிரிப் பள்ளி ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள்