ஆடிக் காற்றுப் புழுதியும் ஆஸ்துமா உள்ள மாணவர்களும்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் நம் அரியலூர்ப் பகுதியில், காலையில் துடைத்த பெஞ்சின் மீது மதியத்திற்குள் மீண்டும் புழுதி படிந்துவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தும்மலோடு போய்விடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அப்படிப் போவதில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் புழுதியில் பெரும்பகுதியை மூக்கே தடுத்துவிடும். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்கள்தாம் மூச்சுக்குழல்களுக்குள் இறங்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, இருமலோ இளைப்போ இல்லாத நாட்களிலும் அக்குழல்களில் அழற்சி இருக்கக்கூடும். தூசு பட்டதும் சுற்றியுள்ள தசைகள் இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் சேர்ந்து காற்றுப் போகும் வழி குறுகிவிடுகிறது. இத்தகைய துகள்களுக்கு நம் நாடு வகுத்துள்ள வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் ஆகும். ஆனால் ஒரு லாரி கடந்து செல்லும் நிமிடத்தில் வாசலில் நிற்கும் குழந்தை சுவாசிப்பது அந்தச் சராசரியை அன்று.

வகுப்பறைகளை இனி மாலையில், பிள்ளைகள் சென்ற பிறகு, தண்ணீர் தெளித்தே பெருக்குவோம். இறைவணக்கக் கூட்டம் பின்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றப்படுகிறது. ஆஸ்துமா உள்ள மாணவர்களுக்குக் கரும்பலகை துடைக்கும் வேலையோ டஸ்டர் தட்டும் வேலையோ தரப்படாது. விளையாட்டு வகுப்பிலிருந்து அவர்களை அடியோடு விலக்கக் கோர வேண்டாம். நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஓடியாடுவது நல்லதே. துணி முகக்கவசம் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

சாலையையும் காற்றையும் நாம் மாற்ற இயலாது. இன்ஹேலர் விஷயத்தில் நம் மனத்தை மாற்றிக்கொள்ள இயலும். பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில் அதைத் தவிர்த்து, மாத்திரையே போதும் என்று சில பெற்றோர் கருதுகிறார்கள். இளைப்பின்போது மூச்சுக்குழலை விரிக்கத் தரப்படும் சால்பியூட்டமால் என்ற மருந்தின் இன்ஹேலரில், ஒரு அழுத்தத்தில் இருப்பது வழக்கமாக 100 மைக்ரோகிராம் மருந்து. 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பதோ அதைப் போல 20 மடங்கு. மாத்திரை உடல் முழுவதும் சுற்றி வர வேண்டும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழலில் சேர்ந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். நாள்தோறும் எடுக்குமாறு வேறொரு தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் தந்திருந்தால், பிள்ளை நலமாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெண்பிள்ளைக்கு இளைப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் நாளை வரன் அமைவது கடினம் என்று மறைப்போரும் உண்டு. அந்தக் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் வகுப்பாசிரியருக்கே தெரியாத நோய்க்கு அவரால் உதவ முடியாது. தாங்கள் தரும் விவரம் வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நான் ஆகிய மூவரைத் தாண்டிச் செல்லாது.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் இடையே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இன்ஹேலரைக் கொடுத்து, உடனே 108-ஐ அழைத்துவிட்டுத்தான் தங்களுக்குத் தெரிவிப்போம்.

இணைப்பிலுள்ள படிவத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் மருத்துவரின் சீட்டைப் பார்த்து நிரப்பி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும். இன்ஹேலரும், அதோடு பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழலான ஸ்பேசரும் அலுவலக அலமாரியில் அன்றி, பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்