‘ரெட்’ படக் குறிப்பு: ஒரு வாசகியின் வருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமா பக்கத்தில், ஓய்வுபெற்ற சி.ஐ.ஏ. (அமெரிக்க உளவு அமைப்பு) ஆட்கள் மறுபடி களத்தில் இறங்கும் ‘ரெட்’ ஆங்கிலப் படம் பற்றிய குறிப்பைப் படித்தேன். ‘பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் துப்பாக்கி தூக்கும் கிழடுகளின் கூத்து’ என்று முடித்துவிட்டீர்கள். இரண்டு நாள் மனசு ஆறவில்லை.

அந்தப் படத்தில் சிரிப்பு வயதானவர்களைப் பார்த்து வருவதில்லை. இவர்கள் கதை முடிந்தது என்று நினைத்து வருகிறவர்களைப் பார்த்துத்தான் வருகிறது. ராத்திரியில் ஆயுதத்தோடு வீடு புகுந்த கும்பலை, அடுப்பில் வாணலியை வைத்துத் தோட்டாக்களைப் போட்டு, அவை வெடிக்கிற சத்தத்திலேயே ஏமாற்றுகிறார் ப்ரூஸ் வில்லிஸ். ஜான் மால்கோவிச்சை ‘கிறுக்குக் கிழவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒரு பெண்ணைச் சந்தேகப்படும்போது கூட இருப்பவர்களே நம்புவதில்லை. பிறகு அவளே ராக்கெட் லாஞ்சரோடு வந்து நிற்கிறாள். மால்கோவிச்சின் பாத்திரத்துக்கு 11 வருடம் தினமும் எல்.எஸ்.டி. என்ற, மனதைக் குழப்பும் போதை மருந்தைக் கொடுத்தார்கள் என்பது கதை. சி.ஐ.ஏ. 1953-இல் மனதைக் கட்டுப்படுத்தும் வழி தேடித் தொடங்கிய எம்.கே. அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தில் விஷயம் தெரியாத ஆட்களுக்கே அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தது உங்களுக்குத் தெரியாததல்ல. நர்ஸாக வேலை பார்த்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

வயதுக் கணக்கையாவது பார்த்திருக்கலாம். படம் 2010 அக்டோபரில் வந்தது. அப்போது ப்ரூஸ் வில்லிஸுக்கு 55, மால்கோவிச்சுக்கு 56. அதே மாதம்தான் ‘எந்திரன்’ வந்தது, ரஜினிக்கு 59. அவரைக் கிழடு என்று எழுத உங்களுக்கு மனசு வந்திருக்குமா? ப்ரூஸ் வில்லிஸ் நோயால் 2022-இல் நடிப்பையே விட்டு விலகிவிட்டார். அவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் மரியாதை வேண்டாமா?

65 வயதில் வெள்ளை கவுனோடு இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து நிற்கிற ஹெலன் மிர்ரன், ஆஸ்கர் வாங்கியவர். உங்கள் குறிப்பில் அவர் வெறும் ‘ஒரு பாட்டி’.

எனக்கும் அந்தப் பட்டம் உண்டு. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்தது. சுற்றி நின்ற இளவட்டங்கள் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எல்லோரையும் விலக்கி, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்ததைத் துடைத்து, வலிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பையன் தெளிந்ததும் ஒருவர் என்னிடம், ‘பாட்டி, நீங்க போய் ஓரமா உட்காருங்க’ என்றார்.

பென்ஷன் விஷயமும் அப்படித்தான். வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டக் கைரேகை வைக்க வேண்டும். வருடக்கணக்கில் டெட்டாலிலும் ஸ்பிரிட்டிலும் கழுவிய விரல். அந்த மெஷினில் ரேகை விழுவதில்லை. ‘நல்லா அழுத்து பாட்டி’ என்று ஒருமையில் அதட்டுகிற தம்பிக்கு இது புரிவதில்லை. படத்தில் ப்ரூஸ் வில்லிஸ் பென்ஷன் செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, செக் வரவில்லை என்று அந்த அலுவலகத்துப் பெண்ணுக்கு போன் செய்வார். அவள் குரலைக் கேட்க அவருக்கு வேறு வழி இல்லை. பென்ஷன் வாங்குகிற யாரிடமாவது கேளுங்கள், அந்தக் காட்சியின் அருமை தெரியும். உங்கள் குறிப்பில் அது இல்லவே இல்லை.

உங்கள் இதழை என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்குகிறோம். தொடர்கதையை நிறுத்தினீர்கள், பொறுத்துக்கொண்டோம். எழுத்தைச் சிறிதாக்கினீர்கள், கண்ணாடியை மாற்றிக்கொண்டோம். அப்புறம் ஜோக் பக்கம் முழுக்கப் பல்செட் கழன்று விழுகிற தாத்தாவும் காது கேட்காத மாமியாரும்தான். கடையில் முதலில் வந்து உங்கள் இதழைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாங்கள்தான். எங்களை இவ்வளவு கேவலமாக நினைப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மன்னிப்பு எதுவும் போட வேண்டாம். அடுத்த இதழில் ஹெலன் மிர்ரன் பெயரையும், 93 வயதில் சி.ஐ.ஏ.யின் ஆவணக் காப்பாளராக நடித்த எர்னஸ்ட் போர்க்னைன் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் குறுக்கெழுத்துப் போட்டியின் கட்டங்களையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
விருத்தாசலம்.