கிண்டியை மேலே எழுதச் சொல்

அன்புள்ள செல்வி,

மதியின் பிளஸ் டூ மார்க்கைக் கேட்டதிலிருந்து எனக்கு இருக்கும் சந்தோஷத்தை அன்றைக்குப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. கணக்கில் 96, இயற்பியலில் 94, வேதியியலில் 95. கணக்கு அப்படியே வரும், மற்ற இரண்டும் பாதியாகும், ஆக இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கான கட்ஆஃப் மார்க் 200க்கு 190.5. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, டியூஷன் கூட இல்லாமல் எடுத்திருக்கிறாள். நீ கேட்டதற்கெல்லாம் எழுதியே பதில் சொல்கிறேன், அண்ணனும் மதியும் ஆளுக்கு ஒரு தடவை படிக்கட்டும்.

முதலில் அந்த பிரவுசிங் சென்டர்க்காரர் சொன்னது. கவுன்சிலிங்கில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் கிடைக்காத காலேஜை மேலே போட்டால் கிடைக்க வேண்டியதும் கைவிட்டுப் போகும், அதனால் சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜை எல்லாம் எழுதாமல் மார்க்குக்குத் தகுந்த மாதிரி போடுங்கள் என்றாராம். இது சுத்தமாகத் தப்பு, செல்வி. இந்தத் தப்பான பேச்சை நம்பி நல்ல இடத்தைக் கேட்காமலே விட்ட பிள்ளைகளை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்றால், ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளை எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும். முதலில் எழுதியது காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிடும், இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மதியின் முறை வரும்போது அவளுக்கு மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மீதி எல்லாம் அவளுக்குத் திறந்திருக்கிறது. மேலே பத்து இடம் கிடைக்காமல் போனாலும் பதினொன்றாவது அவளுக்காக அப்படியேதான் இருக்கும், அவளுக்குக் கீழே ரேங்க் உள்ள யாரும் அதற்குள் அதை எடுத்துவிட முடியாது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், அளவே கிடையாது. அதனால் எது கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. எது வேண்டும் என்பதை மட்டும், ஆசையின் வரிசையில் எழுதினால் போதும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கொஞ்ச அவகாசம்தான் கொடுப்பார்கள், அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதையே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்று சொல்லலாம். காத்திருந்தால், மேலே ரேங்க் உள்ள யாராவது சேராமல் விட்டுப் போகும்போது அவள் பட்டியலில் மேலே இருக்கும் இடத்துக்கு நகர்த்துவார்கள். நகர்ந்த பிறகு பழைய இடம் போய்விடும். ஆகையால் மனசுக்குப் பிடிக்காத எதையும் பிடித்ததற்கு மேலே, சும்மா ஒரு பெருமைக்காகக் கூட, எழுதக் கூடாது. பல வீடுகளில் அப்பா ஒன்று, மாமா ஒன்று என்று நடுவில் சொருகுவது இங்கேதான் வினையாகிறது.

அப்புறம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவள் அரசுப் பள்ளிதானே. அப்படியானால் பொதுத் தரவரிசையிலும் அவள் பெயர் இருக்கும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தரவரிசையிலும் தனியாக இருக்கும். இரண்டாவதில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். பொதுப் பிரிவில் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 199க்கு மேல் கேட்கும் என்பதைப் பார்த்து நீ பயந்துவிட்டாய், அந்த எண்ணை வைத்து மதியை அளக்காதே. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பள்ளியிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றை மட்டும் இப்போதே வாங்கி வைத்துவிடு. நடுவில் பள்ளி மாறியிருக்கிறாள் என்பதால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

இனி வீட்டில் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். அண்ணன் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. கோயம்புத்தூர் பக்கம் ஏதாவது ஒரு காலேஜில் கம்ப்யூட்டர், பஸ்ஸில் போய் வந்துவிடலாம், கேம்பஸில் வேலை என்கிறார். பனியன் கம்பெனியில் ஆர்டர் வருமா வராதா என்று ஒவ்வொரு சீசனும் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர், நிச்சயமான ஒன்றைத்தான் மகளுக்குத் தேடுவார். ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த காலேஜ்கள் 400க்கும் மேல் இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, பாடமும் பெரும்பாலும் ஒன்றுதான். சொல்லித் தருகிறவர்களும் கூடப் படிக்கிறவர்களும்தான் வேறு, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மதி என்னிடம் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பற்றித்தான் பேசினாள். நொய்யல் ஏன் இப்படி ஆனது, ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி அந்த நிலமெல்லாம் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே வந்தவள், செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒரு ஆறு வருஷா வருஷம் எப்படி மாறியது என்று பார்க்க முடியுமாமே பெரியம்மா, அதற்கென்றே கிண்டியில் ஒரு படிப்பு இருக்கிறதாமே என்றாள். இருக்கிறது. அந்தக் காலேஜே 1794ல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது, கிண்டிக்கு வந்ததே 1920ல்தான். நிலத்தை அளக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த இடத்தில் இவள் நொய்யலை அளக்கப் படிக்கப் போகிறாள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அண்ணனிடம் இதையும் சொல், அந்தப் படிப்பிலும் புரோகிராமிங் உண்டு, மேப், டேட்டா எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கேட்காமல் விடக் கூடாது. அவள் மனசு அப்படியே இருந்தால் கிண்டி ஜியோ முதலில், கிண்டி சிவில் அடுத்து, அதற்குப் பிறகு அண்ணன் சொல்லும் காலேஜ்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் போடட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இங்கிலீஷ் பற்றிய பயத்துக்கு ஒரு வார்த்தை. எங்கள் பள்ளியிலிருந்து போன பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருந்தது, வகுப்பில் வாயைத் திறக்கவே தயங்கினார்கள். ஆனால் கணக்கு தெரிந்த பிள்ளை தேறி வந்துவிடும், மதிக்குக் கணக்கு தெரியும். சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலேயே 2010லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வேண்டுமானால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம், முடிவு அவளுடையது.

கிண்டியில் சீட் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்ட ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே மேனேஜ்மெண்ட் கோட்டா என்று ஒன்றே கிடையாது. இனி அந்த ஆள் போன் செய்தால் எடுக்காதே. பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டரில் யாரிடமும் கொடுக்காதே, பதிவு செய்த போன் நம்பரையும் கவுன்சிலிங் முடியும் வரை மாற்றாதே.

நாம் பிளஸ் டூ முடித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது மார்க் 200, நுழைவுத் தேர்வு 100, மொத்தம் 300. கோச்சிங் எல்லாம் மதுரையில், நம்மால் போக முடியாது. நீ பள்ளி நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தேர்வை எழுதினாய், கவுன்சிலிங் கடிதமும் வந்தது. மெட்ராஸுக்கு யார் கூட்டிப் போவது, பொம்பளைப் பிள்ளையை அங்கே எப்படி விடுவது என்று அந்தக் கடிதம் அப்படியே பெட்டிக்குள் போனது. இப்போது 2007லிருந்து நுழைவுத் தேர்வே இல்லை, 2018லிருந்து மெட்ராஸுக்குப் போய் நிற்கவும் வேண்டாம், வீட்டிலிருந்தே எழுதலாம். அன்றைக்கு உன்னிடம் யாரும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, செல்வி. எனக்கு இன்னும் அது ஆறவில்லை. மதியிடம் நீ கேள், அவள் சொல்வதை அண்ணனிடம் நீயே எடுத்துச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாசல் வரை நடக்கிறார்கள், உன்னைத்தான் அடிக்கடி விசாரிக்கிறார்கள். நம் கணக்கு சார் இப்போது தோட்டம் போட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறார், மதியின் மார்க்கைச் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.

பட்டியலை மதி தன் கையாலேயே ஒரு பேப்பரில் எழுதட்டும். லாக் செய்வதற்கு முந்தின நாள் அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல், காலேஜ் குறியீடும் பிரிவுக் குறியீடும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன், வரிசையில் கை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
மலர்