கட்டிக்குள் எத்தனை அணுக்கள் என்பது மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்க் கட்டியில் நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகுந்திருந்தால் உடலின் எதிர்ப்பு ஆற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி சிகிச்சை பலிக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. அட்டெசோலிசுமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்து பெற்றவர்களின் திசுக்களை ஆராய்ந்து 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, புற்றணுக்களைக் கொல்லும் எதிர்ப்பு அணுக்களான சிடி8 வகை டி-அணுக்கள் கட்டிக்குள் ஊடுருவிச் செயல்பட்டவர்களுக்கு மருந்து நன்கு பலனளித்ததையும், அதே அணுக்கள் கட்டியைச் சூழ்ந்த கொலாஜன் நார்த்திசுவில், வாசலிலேயே தடுக்கப்பட்ட விருந்தாளியைப் போல, தேங்கி நின்றவர்களுக்குப் பலன் குறைந்ததையும் காட்டியது. இத்தகைய சிகிச்சையோடு, இந்தத் தடைக்குக் காரணமான டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதத்தையும் சேர்த்து முடக்கியபோது, எலிகளில் அந்த அணுக்கள் உள்ளே நுழைந்தன.

மற்றொரு பெரிய சோதனையில், டி-அணுக்களின் தாக்குதலை அடக்குவதும் இம்மருந்து முடக்குவதுமான பிடி-எல்1 புரதம் எதிர்ப்பு அணுக்களில் மிகுந்திருந்தவர்களிடம் இதே மருந்து கீமோதெரபியுடன் ஒப்பிடப்பட்டது. இடைநிலை ஆயுட்காலம் முறையே 11.1 மாதங்கள், 10.6 மாதங்கள், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பிடி-எல்1 என்னும் இந்தக் குறி மிகுந்தவர்களுக்குக் கீமோதெரபியும் ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. நோயின் போக்கைச் சொல்லும் குறி வேறு, மருந்தைத் தேர்வு செய்ய உதவும் குறி வேறு. செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

தவிர, சிறுநீர்த்தாரை வழியே சுரண்டியெடுக்கப்படும் திசுத்துண்டுகள் கருகியும் சிதறியும் வருவதால், கட்டியின் உட்பகுதி எது, ஓரம் எது என்று பிரித்தறிவதே சில வேளைகளில் கடினம். ஆகவே நோயியல் அறிக்கையில் அணுக்களின் சதவீதத்தைச் சொல்லும் எண்ணோடு நிறுத்திவிடாமல், அணுக்கள் எங்கே காணப்பட்டன, திசு எந்த நிலையில் கிடைத்தது என்பவற்றையும் மருத்துவமனைகள் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்